அசையும் சொத்து

கிராமங்களில் தலைவர்கள் போதவில்லை என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் சர்க்கார் கண்டுபிடித்தது. தண்ணீரும்தான் போதவில்லை. ஆனால் அது வேறு இலாகா. தலைவர் பற்றாக்குறையை உடனே போக்க வேண்டும் என்று மேலிடத்தில் பிறந்த உத்தரவு, சித்தூர் வழியாக இறங்கி நகரிப் பக்கத்து பிளாக் ஆபீசை எட்டிய அன்று, முனியப்பன் அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் தலைவராக வரவில்லை. எருக்கங்குப்பம் சேரிக்கு ஒரு கிணறு கேட்க வந்திருந்தான்.

எருக்கங்குப்பத்தில் கிணறே இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்குள் ஒன்று இருக்கிறது, நல்ல தண்ணீர். சேரிப் பெண்கள் குடத்தோடு போய்க் கிணற்று மேடைக்குத் தள்ளி நிற்பார்கள். ஊர்ப் பெண்களில் யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் குடம் நிறையும். அவர்களுக்கும் வீட்டு வேலை, பிள்ளை, தலைவலி, மாமியார் சண்டை எல்லாம் உண்டல்லவா? அதனால் சில நாள் சீக்கிரம் நிறையும், சில நாள் உச்சி வெயிலாகிவிடும். முனியப்பன் பெண்சாதி செங்கம்மா அங்கே நின்ற நேரமெல்லாம் நடந்திருந்தால் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பாள். இப்படி நிற்க வைப்பது குற்றம் என்று சட்டம் வந்து சில வருஷமாகிறது. அந்தச் சட்டம் பஸ் நிற்கும் இடம்வரை வந்திருக்கலாம், ஊருக்குள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பி.டி.ஓ. வேதாச்சலம் நல்ல மனுஷர். எதையும் விளக்கிச் சொல்லாமல் மறுக்க மாட்டார்.

"கிணறு குடுக்க எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. ஆனா உங்க ஊரு எல்லையில இருக்குது. இன்னிக்கு ஆந்திரா, நாளைக்கு மெட்ராஸுக்குப் போனாலும் போயிடும். கிணறு அசையாச் சொத்து பாரு. ஊரு போனா அதுவும் கூடவே போயிடும். நம்ம சர்க்கார் பணத்துல வெட்டின கிணத்துல மெட்ராஸ்காரன் தண்ணி குடிச்சா, ஆடிட்ல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"நாங்களேதான் சாமி குடிப்போம்" என்றான் முனியப்பன்.

"நீங்களேதான் மெட்ராஸ்காரன் ஆயிடுவீங்களே!"

வேதாச்சலம் கனிவாகத் தொடர்ந்தார். "தலைவர் அப்படி இல்ல. அவரு அசையும் சொத்து. எல்லை எங்க போனாலும், ஒரு குரல் குடுத்தா இந்தப் பக்கம் வந்துடுவாரு. அதனால எல்லை ஊருங்களுக்கு இப்போதைக்குத் தலைவர்தான் சாங்ஷன். திருப்பதியில பயிற்சி முகாம். உங்க ஊர்லருந்து ஒருத்தர் போய்த் தலைமைப் பண்பு கத்துக்கினு சர்டிபிகேட்டோட வரட்டும். அந்த மாதிரி ஊருக்குத்தான் கிணத்துல முதலிடம். இது என் வாக்கு."

கிராம முன்சீப் கிருஷ்ணப்பா ஊருக்குள் விசாரித்துப் பார்த்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம்; தலைவராவதற்கு யாருக்கும் ஒழியவில்லை. ஆகவே முனியப்பன் பெயரையே எழுதி அனுப்பிவிட்டார்.

"கெணறு கேக்கப் போன ஆளு தலைவராயி வந்து நிக்கிறியே" என்றாள் செங்கம்மா. "தலைவர்னா இன்னாய்யா பண்ணணும்?"

"அதத்தான் திர்ப்பதியில சொல்லித் தருவாங்களாம்."

"சோறு?"

"போடுவாங்களாம்."

"அப்ப போயிட்டு வா. அங்க போய்ப் பெரிய மனுசனாயிகினு கெணத்த மறந்துடாத."

திருப்பதியில் மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றில் முகாம். நாற்பது ஊர்களிலிருந்து நாற்பது தலைவர்கள் வந்து பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் தெலுங்கில் 'நாயகுடு' என்று எழுதிய பேட்ஜைக் குத்தினார்கள். சட்டை இல்லாமல் வந்தவர்களுக்குத் துண்டில் குத்தினார்கள்.

முகாமின் முதல்வர் நாகேந்திர ராவ் வெளிதேசத்தில் மூன்று மாதம் தங்கித் தலைமைத் தத்துவம் படித்தவர். தொடக்க உரையிலேயே தத்துவத்தின் அடிவேரைப் பிடித்துவிட்டார்.

"தலைவர்கள் பிறக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது மூடநம்பிக்கை. தலைவர்கள் தயாரிக்கப்படுகிறார்கள். என்னையே பாருங்கள். நான் உப்பு இலாகாவில் இருந்தவன். அங்கே என் பேச்சை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படியே. ஒரு நாள் மாற்றல் உத்தரவு வந்தது. மறுநாள் காலையில் நான் தலைமைப் பண்பில் நிபுணன். இன்று நாற்பது தலைவர்கள் எழுந்து போக முடியாமல் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?"

தலைவர்கள் மூன்று வகை என்று அவர் பாடம் நடத்தினார். முதல் வகை அதட்டி வேலை வாங்குகிறவர். இதற்கு உதாரணம் காட்ட பியூனைக் கூப்பிட்டு, நாற்காலி ஏன் ஆடுகிறது என்று அதட்டினார். பியூன் அழுதுவிட்டான். இரண்டாம் வகை எல்லோரையும் கலந்து செய்கிறவர். அதற்காக, இப்போது காபி குடிக்கலாமா பாடம் கேட்கலாமா என்று கை தூக்கச் சொன்னார். நாற்பது கையும் காபிக்கு உயர்ந்தன. "மிகவும் சந்தோஷம். உங்கள் கருத்தைக் கேட்டுவிட்டேன்" என்று பாடத்தைத் தொடர்ந்தார். மூன்றாம் வகை யாரையும் ஒன்றும் சொல்லாமல் அவரவர் போக்கில் விட்டுவிடுகிறவர். அதை விளக்குவதற்காக மத்தியானம் அவர் வரவில்லை.

அடுத்து இயல்பான தலைவரைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. ஓர் அண்டா நிறைய சாம்பார் சாதத்தைக் கூடத்தின் நடுவில் வைத்து, இலைகளையும் வைத்து, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். தலைவரில்லாத கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வார், அவர்தான் இயல்பான தலைவர். ஜன்னல் வழியாக நாகேந்திர ராவும் உதவியாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் எழவில்லை. பந்தியில் பெரியவர் கை வைக்காமல் மற்றவர் கை வைக்கிற வழக்கம் நாற்பது ஊரில் ஓர் ஊரிலும் கிடையாது. இங்கே யார் பெரியவர் என்று தெரியவில்லை, எல்லோருமே நாயகுடு. "மீரு கானிவ்வண்டி" என்று இவர் தெலுங்கில் சொல்ல, "நீங்க மொதல்ல" என்று அவர் சொல்ல, மரியாதை அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. முனியப்பனுக்கு நல்ல பசி. ஆனால் அவன் ஊரில் அவனுடையது கடைசிப் பந்தி. முதல் பந்தியே தொடங்காதபோது கடைசிப் பந்திக்காரன் எப்படி எழுந்திருப்பான்? சாதம் ஆறிக் கட்டியானது.

கடைசியில் சமையல்காரர்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னாய்யா மொறச்சிப் பாத்துகினு கீறீங்க? துன்னுங்கய்யா! நான் அண்டா கழுவணும்!" என்று ஒரு சத்தம் போட்டார். நாற்பது பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நாகேந்திர ராவ் புல்லரித்துப் போனார். இத்தனை வருஷத்தில் இப்படியோர் இயல்பான தலைமையை அவர் கண்டதில்லையாம். சமையல்காரரை அன்று சாயங்காலமே மேற்பயிற்சிக்காக ஐதராபாத்துக்கு ரயிலேற்றி விட்டார்கள். மறுநாளிலிருந்து முகாமில் சமைக்க ஆள் இல்லை.

தலைவர்களே முறை வைத்துச் சமைப்பது என்று ஆனது. அப்போதுதான் சத்திரத்துக் கிணறு ஒரு பிரச்சினையாக எழுந்தது. முனியப்பன் தலைவராக இருப்பதில் மற்றவர்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவன் கிணற்றைத் தொடுவதில்தான் கொஞ்சம் சங்கடம் என்று சிலர் முதல்வரிடம் தனியாகப் போய்ச் சொன்னார்கள். நாகேந்திர ராவ் முனியப்பனைக் கூப்பிட்டுத் தோளில் கை போடுகிற மாதிரி பக்கத்தில் கையைக் கொண்டுபோய், பிறகு தன் பையில் விட்டுக்கொண்டார்.

"முனியப்பா, தலைவன் செய்கிற பெரிய தப்பு என்ன தெரியுமா? எல்லா வேலையையும் தானே செய்வது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கத் தெரிய வேண்டும். தத்துவத்தில் அது முக்கியமான அத்தியாயம். நீ இறைக்காதே. தள்ளி நில். யாராவது இறைத்து உனக்கு ஊற்றட்டும்."

"எங்க ஊர்லயும் அப்டித்தான் சாமி நிக்கிறோம்" என்றான் முனியப்பன்.

"பார்த்தாயா! உங்களிடம் ஏற்கெனவே அந்தப் பண்பு இருக்கிறது. வளர்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி."

முனியப்பன் செம்பை வைத்துக்கொண்டு தள்ளி நின்று அந்தப் பண்பை வளர்த்துக்கொண்டான்.

முகாமின் முடிவில் செயல்முறைத் தேர்வு. தலைவன் முன்னே நடக்க வேண்டும், மக்கள் பின்னே வர வேண்டும். ஆனால் முகாமில் தலைவர்கள்தான் இருந்தார்கள், பின்னே வர ஆள் இல்லை. நாற்பது பேரும் முன்னே நடந்ததில் தெருவை அடைத்துக்கொண்டு ஒரே வரிசையாகப் போனார்கள். எதிரே வந்த பஸ் நின்று, டிரைவர் இறங்கி, ஒவ்வொரு தலைவரையும் தனித்தனியாகத் திட்டினான். ஆகவே, மொட்டையடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்த யாத்ரீகர்களை மோர் தருகிறோம் என்று மடக்கி மக்களாக நிறுத்தினார்கள்.

மற்ற தலைவர்களின் பின்னால் அந்த மக்கள் நாலடி நடந்து, மோர் எங்கே என்று கேட்டுத் திரும்பிவிட்டார்கள். முனியப்பன் முறை வந்தது. எங்கே போவது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டு ஞாபகத்தில் கால் தன்னால் ரயில் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. மொட்டைத் தலைகள் அத்தனையும் மூட்டையோடு அவன் பின்னாலேயே வந்தன. அவர்களுக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஸ்டேஷன் வாசல்வரை கூட்டம் கலையவில்லை. தலைவனின் நோக்கமும் மக்களின் நோக்கமும் ஒன்றாகிற அபூர்வமான கணம் என்று நாகேந்திர ராவ் கண் கலங்கி, முனியப்பனுக்கு முதல் வகுப்பில் சர்டிபிகேட் கொடுத்தார்.

முனியப்பன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பிளாக் ஆபீசுக்குப் போனான். வேதாச்சலம் எழுந்து நின்று கைகூப்பினார்.

"கிணறு வந்த மாதிரிதான். ஆனா திறப்பு விழாவுக்கு ஜீப் வரணுமே? ரோடு எங்க? தலைவராயிட்டீங்க, ஜனங்களைத் திரட்டி சிரமதானமா ஒரு ரோடு போட்டுடுங்க."

சேரி கூடி மண் வெட்டியது. கூலி கிடையாது. முனியப்பன் வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டபோது, பங்காளி முனிசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டே கேட்டான். "ஏம்ப்பா, முன்னல்லாம் வெட்டி வேலைக்கு முன்சீப்பு ஆளு வந்து கூப்டுவான். வரமாட்டேன்னு ஒளிஞ்சிக்கவாவது செய்வோம். இப்ப நீயே வந்து நிக்கிறியே, எங்க போயி ஒளியறது?"

முனியப்பனுக்கு அது நெஞ்சில் தைத்தது. பேட்ஜைக் கழற்றிவிட்டு அவனும் இறங்கி மண் சுமந்தான். ரோடு முடிந்தது. அதில் கிருஷ்ணப்பாவின் மல்லாட்டை வண்டிகள் சுகமாகப் போய்வந்தன. ஜீப் வரவில்லை. அப்புறம் ஜீப் நிற்க ஒரு கொட்டகை கேட்டார்கள். கொட்டகை போட்டதும், வரவேற்பு வளைவு இல்லையே என்றார்கள். கேட்ட ஒவ்வொன்றையும் சேரி கட்டி முடித்தது. செங்கம்மா ஒவ்வொரு நாளும் குடத்தோடு போய்த் தள்ளி நின்றாள்.

"உன் படிப்பு இன்னும் எத்தினி நாளைக்குய்யா எங்க முதுகுல ஏறும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் மாதம் எருக்கங்குப்பம் மெட்ராஸுக்குப் போனது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. வேதாச்சலம் முதல் தடவையாகச் சேரிக்கே நேரில் வந்தார். முகத்தில் அத்தனை நிம்மதி.

"பாத்தியா? கிணறு வெட்டியிருந்தா இன்னிக்கு அம்போன்னு போயிருக்கும். சரி, கிளம்பு. சத்தியவேடு பக்கம் ஓர் ஊர்ல தலைவர் காலியா இருக்குது. நீ அசையும் சொத்து, சர்க்கார் செலவுல தயாரானவன்."

"பொண்டாட்டி புள்ளைங்களும் அசையணுமா சாமி?" என்று செங்கம்மா கேட்டாள்.

"அவங்களுக்கு நாங்க பயிற்சி குடுக்கலையேம்மா!"

"கெணறு வராம நான் எங்கியும் வரமாட்டேன்" என்று முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேதாச்சலம் வெகுநேரம் நியாயம் பேசினார். கடைசியில், அசையக்கூடியது அது ஒன்றுதான் என்று கண்டு, பேட்ஜை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

சித்திரை வெயிலில் மெட்ராஸ் சர்க்காரின் ஆபீசர் வந்தார். இளம் வயது. சேரி போட்ட ரோட்டில் வந்து, சேரி போட்ட கொட்டகையில் ஜீப்பை நிறுத்தினார். தெலுங்கில் பெற்ற தலைமைப் பண்பு இங்கே செல்லுமா என்று எழுதிக் கேட்க வேண்டும் என்றார். கிணற்றைப் பற்றிக் கேட்டபோது, கிணறு என்பது வெளியில் இல்லை, மக்களின் தன்னம்பிக்கையில்தான் ஊற்று இருக்கிறது என்று தொடங்கிப் புளியமரத்தடியில் பேசிக்கொண்டே போனார். பேசப் பேசத் தொண்டை காய்ந்துவிட்டது.

"கொஞ்சம் தண்ணீர்" என்றார்.

வீட்டில் தண்ணீர் இல்லை. செங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போனாள். ஆபீசர் காத்திருந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "என்னய்யா, போன அம்மா எங்கே?" என்றார்.

"ஊத்தறவங்க வரணுமில்ல சாமி" என்றான் முனியப்பன்.

ஆபீசருக்குப் பொறுக்கவில்லை. தானே எழுந்து நடந்தார். முனியப்பனும் சேரி ஜனங்களும் பின்னால் போனார்கள். கிணற்றடியில் கிருஷ்ணப்பா இருந்தார். ஆபீசரைக் கண்டதும் ஓடிப்போய்த் தானே இறைத்து, வெள்ளிச் செம்பில் கொடுத்தார். ஆபீசர் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இளநீர் மாதிரி இருக்கிறதே! இவ்வளவு நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டா கிணறு கேட்கிறீர்கள்?"

தள்ளி நின்ற செங்கம்மா வெறுங்குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். "எங்க கொடத்துல ஊத்த ஆள் இல்லியே சாமி. நீங்க கேட்டப்ப வந்தவ, இன்னும் நின்னுகினு கீறேன்."

தாகம் தீர்ந்ததில் ஆபீசருக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. "எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையையே எதிர்பார்க்கலாமா அம்மா? உன் வீட்டுக்காரர் முதல் வகுப்பில் தேறிய தலைவராமே. அவரை இறைத்து ஊற்றச் சொல்வதுதானே!"

"கேட்டுகினியாய்யா?" என்று செங்கம்மா புருஷனைப் பார்த்தாள்.

"சாமி சொல்றது நெஜந்தானுங்களா?" என்றான் முனியப்பன்.

"நிஜம்தான், போய்யா" என்றார் ஆபீசர், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி.

முனியப்பன் மேடைமேல் ஏறினான். தைரியம் என்று ஒன்றுமில்லை, பயம்தான். ஆனால் ஆபீசர் சொன்னால் செய்துதானே அவனுக்குப் பழக்கம்? கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினான். "சார், இன்னா சொல்லிட்டீங்க!" என்று கிருஷ்ணப்பா அலறியபோதுதான் ஆபீசருக்கு விஷயம் புரிந்தது. "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். இறங்கு என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால் குற்றம் என்கிற சட்டம் சரியாக அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வாயை மூடிக்கொண்டார். முதல் வாளி செங்கம்மா குடத்தில் விழுந்தது. அவள் பின்னால் சேரிப் பெண்கள் வரிசை பிடித்துவிட்டார்கள்.

அடி விழும் என்று சேரி பயந்தது. அடி விழவில்லை. கிருஷ்ணப்பா ஆபீசரின் முகாமுக்கே போனார். சேரி ஜனங்கள் தண்ணீருக்குப் படும் கஷ்டத்தை இனிமேல் தன்னால் கண்கொண்டு பார்க்க முடியாது, உடனடியாக அவர்களுக்குத் தனிக் கிணறு வேண்டும் என்று உருகிப்போய்ச் சொன்னார். ஆபீசரும் உருகினார். தலைவர் வேண்டாம், பயிற்சி வேண்டாம், சிரமதானம் வேண்டாம், மெட்ராஸிலிருந்து சாங்ஷன் பறந்து வந்தது. மண் இழுக்கக் கிருஷ்ணப்பா தன் மாடுகளையே அனுப்பினார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு சீக்கிரம் எந்தக் கிணறும் ஆழம் கண்டதில்லை.

திறப்பு விழாவில் ஆபீசர் பேசினார். "தலைமைப் பயிற்சியின் கனி இந்தக் கிணறு. பொறுமையும் ஒத்துழைப்பும் வென்றன. இனிமேல் நீங்கள் ஊர்க் கிணற்றுப் பக்கம் வரவேண்டிய சிரமமே இல்லை." இந்த இடத்தில் கிருஷ்ணப்பா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். "இப்போது உங்கள் தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார்."

முனியப்பன் இதுவரை மேடையில் பேசியதில்லை. திருப்பதியில் நாற்பது பேருக்கும் சேர்த்து முதல்வரே பேசிவிட்டார். எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டப் போனவன், கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டான்.

"தண்ணி நல்லா கீது. ஊருக்காரங்க யாரு வேணா வந்து மொண்டுகினு போலாம். தள்ளி நிக்க வேணாம். யாராச்சும் ஊத்துவாங்களான்னு காத்துகினு இருக்க வேணாம். அவங்கவங்க கையாலயே இறைச்சிக்கலாம். நாங்க அங்க வரும்போதும் அப்டித்தான்."

கிருஷ்ணப்பாவின் கைகள் தட்டுவதற்கு விரிந்தபடியே நின்றுவிட்டன. ஆபீசர் டிரைவர் எங்கே என்று தேடினார். செங்கம்மா குடத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, புதுக் கிணற்றைத் தாண்டி ஊருக்குள் நடந்தாள்.